பொட்டலத்துக்கு இன்று ஆபரேஷன்

அத்தியாயம் 11

விடிவதற்கு முன்பே சமையலறைக் கதவைப் பிறாண்டும் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது.

சிட்டு கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தாள். பிறாண்டுவது யார் என்று அவளுக்குத் தெரியும். எதற்கென்றும் தெரியும். பொட்டலத்துக்குப் பசி.

நேற்று இரவே அவள் நாத்தனார் நர்ஸ் அக்கா முயலைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் விட்டுவிட்டாள். புல் கூடையை எடுத்து அலமாரியின் மேல் தட்டில் ஏற்றினாள். தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். நாளைக்கு ஆபரேஷன், வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். இந்த வீட்டில் நாத்தனார் பேச்சுக்கு மறுபேச்சு சொல்லிச் சிட்டுவுக்குப் பழக்கமில்லை.

அந்த முயல் அவளுக்கு வெறும் முயல் அல்ல என்பது நமக்குத் தெரியும். சுமந்த பிள்ளை தங்காமல் போய், தன் உயிர் பிழைக்கக் கர்ப்பப்பையையும் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவள் அவள். அதன் பிறகு சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் போகவில்லை. லிப்ட் மெக்கானிக்கான அவள் கணவன், செய்வதறியாமல் ஒரு நாள் அட்டைப் பெட்டியில் ஒரு முயல் குட்டியைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தான். அதுவே அதற்குப் பெயராகிவிட்டது. அன்றைக்குத்தான் சிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

குட்டி வளர்ந்தது. வளர்ந்ததும் வீட்டுக்கே எஜமானியாகிவிட்டது. மேசைக் காலில் தாடையைத் தேய்த்தது. நடக்கிறவர் காலைச் சுற்றிச் சுற்றி உறுமிக்கொண்டு ஓடியது. மூத்திரம் பெய்து எல்லை போட்டது. எல்லை போட வீடு முழுக்க இடமிருந்தும், நர்ஸ் அக்காவின் கட்டில்தான் அதற்குக் கிடைத்தது. மடித்து வைத்த அவளுடைய வெள்ளை யூனிபாரமும் தப்பவில்லை.

போன மாதம் அது தன் மார்பு முடியைத் தானே பிடுங்கி, செருப்புப் பெட்டிக்குள் கூடு கட்டியது. ஆண் முயலின் நிழலைக்கூடப் பார்க்காத முயல். அது பொய்க் கர்ப்பம் என்றார் கால்நடை டாக்டர். வராத குட்டிகளுக்காகக் கட்டிய கூட்டுக்குப் பக்கத்தில் சிட்டுவும் சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்துவிட்டாள். பார்க்கப் பொறுக்காமல், யாரையும் கேட்காமலே ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டாள் நர்ஸ் அக்கா.

அந்த நாள்தான் இன்று.

பிறாண்டல் நின்றது. நின்றதுதான் சிட்டுவை எழுப்பியது. அவள் மெல்ல நடந்துபோய்க் குளிர்ப்பெட்டியைத் திறந்து ஒரு கொத்தமல்லித் தண்டை எடுத்தாள்.

"வை அதை."

நர்ஸ் அக்கா வாசற்படியில் நின்றிருந்தாள். தலை வாரி, புடவை கட்டி, எப்போது எழுந்தாளோ.

"ஒரு தண்டுதான் அண்ணி. பாவம், கதவையே தின்னுடும் போல இருக்கு."

"ஒரு தண்டும் தீனிதானே? மயக்க மருந்து குடுக்கிறப்போ வயித்துல கெடக்கிறது மேல வந்து மூச்சுக்குழாயை அடைச்சா என்ன ஆகும், தெரியுமா உனக்கு? நான் கண்ணால பார்த்தவ. ஒரு வாய் காபி குடிச்சிட்டு, குடிக்கலன்னு பொய் சொன்ன மனுஷன்..."

"அது மனுஷங்களுக்கு..."

"உயிர்னா எல்லாம் ஒண்ணுதான்மா. ஆபரேஷன் தியேட்டர்லயே பாதி வயசு போச்சு எனக்கு. இதுல எனக்குப் பாடம் சொல்லாதே."

சிட்டு தண்டைத் திரும்ப வைத்தாள்.

நர்ஸ் அக்கா கல்மனசுக்காரி அல்ல. விடியுமுன் எழுந்து அவள் முதலில் செய்தது, கண்ணை மூடி அந்த முயலுக்காகப் பிரார்த்தனை செய்ததுதான். தன் கட்டிலை நனைத்த ஜீவனுக்காக வேண்டிக்கொள்கிறோம் என்பதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை. நல்லவர்கள் நல்லதைச் செய்துவிட்டு மறைத்துக்கொள்வார்கள். அதிகாரத்தை மட்டும் ஏனோ எல்லோர் முன்னாலும் செய்வார்கள்.

மெக்கானிக் பல் துலக்கிக்கொண்டே வந்து இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான்.

"என்னை ஏன் பார்க்குறீங்க? நானே ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோன லிப்ட்."

"நின்ன லிப்டை ஓட வைக்கிறவன்தானேடா நீ?"

"ஊரான் வீட்டு லிப்டைத்தான்க்கா."

சொல்லி முடிப்பதற்குள் அவன் கைபேசி அடித்தது. எங்கேயோ யாரோ மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் கருவிப் பையைத் தோளில் மாட்டினான். போகும்போது மனைவியின் தலையில் ஒரு நொடி கை வைத்துவிட்டுப் போனான். அதற்கு மேல் அவனுக்குத் தெரியவில்லை.

*

கால்நடை டாக்டர் முயலை மேசையில் விட்டு, வயிற்றில் விரல் வைத்து அமுக்கிப் பார்த்தார். பருத்த உடம்பு, கரகரத்த குரல், ஆனால் கை மட்டும் பஞ்சு.

"காலையில என்ன சாப்பிட்டுச்சு?"

"ஒண்ணும் குடுக்கல டாக்டர்," என்றாள் நர்ஸ் அக்கா. நல்ல மாணவி பதில் சொல்கிற குரல். "நேத்து ராத்திரியிலேருந்து ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்கல."

டாக்டரின் விரல் நின்றது.

"யார் சொன்னது உங்களுக்கு?"

"யாரும் சொல்லணுமா? நான் தியேட்டர் நர்ஸ்."

"போன வாரம் நம்ம கிளினிக் பையன் போன்ல சொல்லியிருப்பானே, முயலுக்குக் கடைசி நிமிஷம் வரைக்கும் தீனி குடுங்கன்னு?"

நர்ஸ் அக்காவின் முகம் வெளுத்தது. "சொன்னார். தெரியாமச் சொல்றார்னு நெனச்சேன்."

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம். ஒரு பெருமூச்சு விட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முயலுக்கு வாந்தி வராதும்மா. அதோட உடம்பு அப்படி. வாந்தியே வராத பிராணிக்கு எதுக்குப் பட்டினி? அதுக்குக் குடல் எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கணும். நின்னுச்சுன்னா திரும்ப ஓட வைக்கிறது ரொம்பக் கஷ்டம். ஆபரேஷன்ல உயிர் போற முயலைவிட, ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போய்த் திங்காமப் போற முயல்தான் ஜாஸ்தி."

சிட்டு நாத்தனாரைப் பார்க்கவில்லை. மேசை ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இன்னைக்கு வேண்டாம் டாக்டர். இன்னைக்குன்னு இல்ல, எப்பவுமே வேண்டாம். அது பாட்டுக்கு மூத்திரம் போய்ட்டுப் போகுது. நான் துவைக்கிறேன்."

"உட்காரும்மா." டாக்டர் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். "மூத்திரத்துக்காக மட்டும் நான் கத்தி வைக்கல. பொட்டை முயலை இப்படியே விட்டா, நாலஞ்சு வயசுக்குள்ள கர்ப்பப்பையில கட்டி வர்றது சாதாரணம். வந்தப்புறம் என்கிட்ட தூக்கிட்டு ஓடி வருவாங்க. அப்ப என்னால ஒண்ணும் முடியாது. இப்ப வயித்துலயும் கை வெச்சுப் பார்த்தேன், குடல் இன்னும் நின்னுபோகல. புல்லு குடுப்போம். நல்லாத் தின்னா மத்தியானம் பண்றேன். திங்கலன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"எல்லாத்தையும் எடுத்துடுவீங்களா?"

"கர்ப்பப்பை, முட்டைப்பை, ரெண்டும்."

நர்ஸ் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எடுத்தது அதுக்குத் தெரியுமா டாக்டர்?"

டாக்டருக்கு அவள் கதை தெரியாது. ஆனாலும் எதையோ உணர்ந்து, கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"வலி தெரியும். வலிக்கு மருந்து குடுப்பேன். மத்தபடி அது தேடாதும்மா. கூடு கட்டுறதெல்லாம் உடம்பு பண்ற வேலை. அந்தத் தவிப்பு சில வாரத்துல அடங்கிடும். மனுஷங்கதான் தேடுவாங்க."

பெட்டியில் புல்லை வைத்ததும் பொட்டலம் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அறை முழுக்க அது மெல்லும் சத்தம். அவ்வளவு பசி. அந்தச் சத்தத்தை நர்ஸ் அக்காவால் நின்று கேட்க முடியவில்லை.

வெளியே போகத் திரும்பியவளை டாக்டர் நிறுத்தினார். "அது யார் கட்டில்ல மூத்திரம் போகுதுன்னு சொன்னீங்க?"

"என் கட்டில்லதான். என்னைப் பிடிக்காது அதுக்கு. சொல்லிக் குடுத்து வளர்த்த மாதிரி..." சிட்டுவின் பக்கம் கண் போய்த் திரும்பியது.

"பிடிக்காதவங்க படுக்கையில ஏறவே ஏறாதுங்க. நீங்க தினம் ஆஸ்பத்திரியிலேருந்து மருந்து வாசனையும் அந்நியர் வாசனையுமா வர்றீங்க. வீட்டு ஆளு புது ஆளா வாசனை அடிச்சா அது சும்மா இருக்குமா? இதுவும் நம்ம வீட்டைச் சேர்ந்ததுதான்னு மறுபடி மறுபடி முத்திரை குத்துது. வந்ததும் துணியை மாத்துங்க. கட்டிலை வினிகர் கலந்த தண்ணியில துடைங்க. திட்டாதீங்க, அதுக்குப் புரியாது."

தன்னைப் பழிவாங்கத்தான் முயல் அப்படிச் செய்கிறது என்று நர்ஸ் அக்கா நினைத்திருந்தாள். உள்ளுக்குள் சிட்டுவும் அப்படித்தான் நினைத்து, ரகசியமாகச் சந்தோஷப்பட்டும் இருந்தாள். வாயில்லாத ஜீவனின் தலையில் இரண்டு பேரும் தங்கள் கசப்பை ஏற்றி வைத்திருந்தார்கள். அதன் மனதில் கசப்பே இல்லை.

மத்தியானம் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாகவே முடிந்தது. மயக்கம் தெளிந்த முயலைத் துண்டில் வைத்துக் கொடுத்தபோது டாக்டரின் முகத்தில் மட்டும் தெளிவில்லை.

"வலிக்கு மருந்து குடுத்திருக்கேன். கதகதப்பா வெச்சுக்குங்க. இந்தத் தீனிப் பொடியைக் கூழாக் கரைச்சு, ஊசியில்லாத சிரிஞ்சால கொஞ்சம் கொஞ்சமா வாயில விடுங்க. புழுக்கை போட்டுச்சுன்னா குடல் ஓடுதுன்னு அர்த்தம், உடனே எனக்கு போன் பண்ணுங்க. காலை வரைக்கும் போடலன்னாலும் பண்ணுங்க."

*

வீட்டுக்கு வந்ததும் நர்ஸ் அக்கா முதலில் குளித்து, துணி மாற்றினாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். மாலை டியூட்டி அவளுக்கு.

"இன்னைக்கு வர முடியாது. வீட்ல ஆபரேஷன் கேஸ்... யாருக்கா?" அவள் குரல் தடுமாறியது. "வீட்டுப் பிள்ளைக்கு."

கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்த சிட்டுவின் காதில் அது விழுந்தது. அவள் திரும்பவில்லை.

பொட்டலம் பெட்டி மூலையில் முதுகைக் கூனி, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. வலி. கொத்தமல்லியை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கேரட் தழையை வைத்தாள், கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. காலையில் கதவைப் பிறாண்டிக் கேட்டபோது கொடுக்காத தீனி இப்போது அதன் முன்னால் குவிந்து கிடந்தது.

நர்ஸ் அக்கா கூழைக் கரைத்து எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குடும்மா, நான் ஊட்டுறேன்."

"நீங்க தொடாதீங்க."

"சிட்டு..."

"தொடாதீங்க அண்ணி! உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. தெரிஞ்சுதானே பட்டினி போட்டீங்க? அது விடியறதுக்கு முன்னாடியிலேருந்தே பிறாண்டுச்சு. நானும் கேட்டுக்கிட்டே படுத்துக் கெடந்தேன், மடச்சி மாதிரி. உங்க பேச்சுக்குப் பயந்து."

நர்ஸ் அக்கா சிரிஞ்சைத் தரையில் வைத்து, சிட்டுவின் பக்கம் தள்ளினாள்.

சிட்டு முயலை மடியில் எடுத்துக்கொண்டாள். ஒரு கையால் பிடித்தால் மறு கை போதவில்லை. முயல் திமிறியது. தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்து பிடியைத் தளர்த்தினாள். கூழ் தாடையில் வழிந்தது, புடவையில் வழிந்தது, வாய்க்குள் ஒரு சொட்டும் போகவில்லை. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை சிரிஞ்ச் கையிலிருந்து நழுவி விழுந்தது. சிட்டுவுக்கு அழுகை முட்டியது. அழக்கூட அவளுக்குக் கை காலியாக இல்லை.

"நான் தப்புப் பண்ணிட்டேன்," என்றாள் நர்ஸ் அக்கா. குரல் மிகச் சின்னதாக இருந்தது. "அந்தப் பையன் போன்ல சொன்னப்ப, இவனுக்கு என்ன தெரியும்னு வெச்சுட்டேன். உன்கிட்டயும் கேட்கல. உன் முயல்தானே, உன்னைக் கேட்டிருக்கணும். நாள் குறிக்கிறப்பவும் கேட்டிருக்கணும். என்னைத் திட்டு, எவ்வளவு வேணும்னாலும் திட்டு. திட்டிக்கிட்டே பிடிச்சுக்கோ. நான் ஊட்டுறேன். அதுக்குப் பசிக்குதும்மா."

சிட்டு மடியை மெல்ல விரித்துக் கொடுத்தாள்.

மன்னிப்பு என்பது பெரிய வார்த்தை. அந்த வீட்டில் அன்று மாலை அது அவ்வளவு பெரிதாக வரவில்லை. ஒரு மடி விரிந்த அளவுக்கு மட்டும் வந்தது. கடவுள் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்வார் என்றே நம்புகிறேன்.

நர்ஸ் அக்கா ஒரு சுத்தமான துண்டைத் தரையில் விரித்தாள். முயலை நடுவில் வைத்தாள். இடது முனையைக் கொண்டுவந்து உடம்புக்கு அடியில் செருகினாள். வலது முனையை மேலே போட்டுச் சுற்றினாள். கீழ் முனையை மடித்துத் தூக்கி, கழுத்தருகில் ஒரு சிறு மடிப்பாகச் சொருகினாள். கண் மூடித் திறப்பதற்குள் முகம் மட்டும் வெளியே தெரிய, பொட்டலம் நிஜமாகவே ஒரு பொட்டலமாகிவிட்டது. திமிறல் நின்றது.

அதைச் சிட்டுவின் கையில் கொடுத்தாள். சிட்டு பிடித்துக்கொள்ள, நர்ஸ் அக்கா வாயோரத்தில் சிரிஞ்சை வைத்து ஒரு சொட்டு விட்டாள். காத்திருந்தாள். தாடை அசைந்தது. தொண்டை அசைந்தது.

"முழுங்கிடுச்சு," என்றாள் சிட்டு.

இன்னொரு சொட்டு. இன்னொன்று. பாதி வெளியே வந்தது, பாதி உள்ளே போனது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். சிரிஞ்ச் காலியானபோது வெளியே வெளிச்சம் குறைந்திருந்தது. யாரும் விளக்கைப் போடவில்லை.

"புழுக்கை?"

"இன்னும் இல்ல. பார்ப்போம்." நர்ஸ் அக்கா துண்டைத் தொட்டுப் பார்த்தாள். "என் கட்டில் மேலேயே போடட்டும். தினம் போடட்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன்."

சிட்டு சிரிக்கவில்லை. கையிலிருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிய விதம், மடித்த விதம், கழுத்தருகே சொருகிய அந்தச் சிறு மடிப்பு. விரலால் அந்த மடிப்பைத் தடவினாள்.

"அண்ணி."

"ம்."

"அன்னைக்கு... இப்படித்தான் சுத்துனீங்களா?"

நர்ஸ் அக்காவின் கை அப்படியே நின்றது.

எதைப் பற்றிக் கேட்கிறாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. இத்தனை மாதமாக யாரும் வாய் திறக்காத பேச்சு. அன்று தியேட்டரில் நர்ஸ் அக்காவும் இருந்தாள். சிட்டு மயக்கம் தெளிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளையைக் காட்டினால் தாங்கமாட்டாள் என்று பெரியவர்களாகப் பேசி முடிவெடுத்தார்கள். அவளும் கேட்கவில்லை. கேட்காததால் மறந்துகொண்டு வருகிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

"ஆமா," என்றாள் நர்ஸ் அக்கா. "நான்தான் சுத்தினேன். வேற யாரையும் தொட விடல."

"பொறக்கும்போதே உயிர் இல்லைன்னு சொன்னாங்க."

நர்ஸ் அக்கா காலி சிரிஞ்சைத் துடைக்கத் தொடங்கினாள்.

"அண்ணி, உங்களைத்தான் கேட்கிறேன்."

"உயிர் இருந்துச்சு." நர்ஸ் அக்கா தரையைப் பார்த்துச் சொன்னாள். "கொஞ்ச நேரம். உள்ள உன்னைக் காப்பாத்த எல்லாரும் போராடிக்கிட்டு இருந்தாங்க. இது தங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒரு பக்கமா வைன்னாங்க. எனக்கு வைக்க மனசு வரல. நெஞ்சோட வெச்சுக்கிட்டே நின்னேன். மூச்சு நின்னுபோற வரைக்கும்."

சிட்டு பொட்டலத்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. யாருக்குமே தெரியாது. சொன்னா ரெண்டு பேரும் உடைஞ்சு போயிடுவீங்கன்னு..."

வாசல் பூட்டில் சாவி திரும்பியது. மெக்கானிக் கருவிப் பையோடு உள்ளே வந்தான். கையில் கிரீஸ், முகத்தில் நாள் முழுக்கச் சுமந்த களைப்பு.

"ஏன் இருட்டுல உட்கார்ந்திருக்கீங்க? சாப்பிட்டுச்சா அது?"

நர்ஸ் அக்கா சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழப்போனாள். "இப்ப வேணாம்மா," என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். "அவன் அலுத்துப் போய் வந்திருக்கான். இன்னொரு நாளைக்கு..."

சிட்டு ஒரு கையால் முயலை அணைத்தபடி, மறு கையால் நாத்தனாரின் முழங்கையைப் பிடித்து அவளை எழவிடாமல் நிறுத்தினாள்.

"கதவைச் சாத்திட்டு வந்து இப்படி உட்காருங்க," என்றாள் கணவனிடம். "அண்ணி நம்ம பிள்ளையைப் பத்திச் சொல்லிக்கிட்டிருக்காங்க."